நான் வரைந்த உப்பங்கழி

கோபத்தில் நான் விட்ட சவால்கள் நிறைய. ஜெயித்தது ஒன்றே ஒன்றுதான். அதனால் அந்த ஒன்றை யாராவது கேட்டால் போதும், கேட்காவிட்டாலும்கூட, காலை நீட்டி உட்கார்ந்து முழுசாகச் சொல்லிவிடுவேன்.

2008-ல் நடந்தது. அப்போது நான் சிதம்பரத்தில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் போவதும் வருவதும் பஸ்தான். சிதம்பரம் மேல வீதியில் என் அத்தை வீடு. அத்தைக்கு ஒரே மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை ஆனால் ஊருக்கு வந்துவிடுவான். முறைப்படி அவனை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவேன். கோபம் வந்தால் அது 'யோவ்' ஆகிவிடும். பெரும்பாலும் யோவ்தான்.

அந்த வருஷம் அவன் சென்னையிலிருந்து ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தான். கம்பெனியில் யாரோ சொல்லிக்கொடுத்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடிமனான ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று, இருபது முகம் கொண்ட பகடை ஒன்று, ஆளுக்கொரு பென்சில், தாள். ஒருவர் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தை அவர்தான் உண்டாக்கி வைத்திருப்பார். மற்றவர்கள் அந்த உலகத்துக்குள் ஆளுக்கொரு மனிதராகப் போவார்கள். "பாலத்துக்கு வந்துவிட்டீர்கள், எதிரே மூன்று திருடர்கள் நிற்கிறார்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று மாஸ்டர் கேட்பார். நாம் வாயால் சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. ஒரு கதை பல ஞாயிற்றுக்கிழமைகள் ஓடும்.

எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துப்போயிற்று. வாரம் முழுக்க யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மார்க் எவ்வளவு, வேலைக்கு எப்போது போவாய், ஜாதகத்தை வெளியே எடுக்கலாமா. ஞாயிறு மதியம் ஆடும் அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான், நான் என்ன செய்யப்போகிறேன் என்று என்னையே கேட்டு, நான் சொன்னதை அப்படியே நடக்க விட்டார்கள்.

ஆட்டத்துக்கு நான் இரண்டு வகுப்புத் தோழிகளைக் கூட்டிவந்தேன். ஒருத்தி பரங்கிப்பேட்டைக்காரி. கலகலப்பானவள், எதற்கும் அசராதவள். ஞாயிறு மதியம் அவள் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இன்னொருத்தி என் பஸ் தோழி. கடலூர் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அவள் வீடு. அப்பா சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பஸ்ஸில் அவள் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. கண்டக்டர் சில்லறை கேட்கிற மாதிரி பேசுவாள், எங்கள் புரொபசர் தும்முகிற மாதிரி தும்முவாள், பின் சீட்டில் இருக்கிற முன்பின் தெரியாத அம்மாவின் குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து சொல்லித் தீர்ப்பும் கொடுத்துவிடுவாள். இப்படி ஒருத்தி ஆட்டத்துக்கு வந்தால் கூரை பிய்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை. அத்தை வீட்டு மாடியில் பாயில் உட்கார்ந்து மொத்தமாக அவள் பேசியது பத்து வாக்கியம் இருக்காது. "நானும் வரேன்." "நீங்க சொல்ற மாதிரியே." அவ்வளவுதான்.

குற்றம் அவள் மேல் இல்லை. என் அத்தை மகன் உண்டாக்கிய உலகம் அப்படி. ஒரு பனிமலை, அதன்மேல் ஒரு கற்கோட்டை, கோட்டைக்குக் கீழே ஒரு சத்திரம், சத்திரத்துக்குள் கணப்பு அடுப்பு. எல்லோரும் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், யாரோ வந்து வேலை கொடுக்கிறார்கள். பனி என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? மார்கழியில் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு டியூஷனுக்குப் போயிருக்கிறோம். பரங்கிப்பேட்டைக்காரிக்கு அதெல்லாம் கவலையே இல்லை; பனியோ வெயிலோ, திருடியாக நடிக்கக் கிடைத்ததே போதும் என்று புகுந்து விளையாடினாள். என் பஸ் தோழிக்குக் கையில் கோடரியும் வாயில் நுழையாத ஒரு பெயரும் கொடுத்திருந்தான். அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிறு முடிந்து தோழிகள் இருவரும் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் என்னிடம் சொன்னான். அவளுக்கு இது செட் ஆகாது, பேசத் தெரிந்த வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று. பகடையைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டே, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், ஒன் பனிமலையில எவளுக்குய்யா வாய் வரும்? அடுத்த கதைய நான் நடத்துறேன். அவ அதுல பேசலன்னா அவளோட நானும் எந்திரிச்சுப் போயிடுறேன். இந்த மாடிப் படி ஏற மாட்டேன்."

சரி, உனக்கு ஒரே ஒரு ஞாயிறு, மூன்று வாரம் டைம் என்றான். ஒப்புக்கொண்டேன். அந்த ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. வாய்க் கொழுப்பில் அதைத் தூக்கிப் பந்தயமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். போதாததற்கு மறுநாள் பஸ்ஸில் அவளே, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வரமுடியாது, வீட்டில் வேலை இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இன்னும் ஒரே ஒரு தடவை வா, எனக்காக வா என்று கெஞ்சினேன். பந்தயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் பாவம் பார்த்துப் பேசுவாள். எனக்கு அது வேண்டாம்.

நீளவாட்டு நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'ரகசியம்' என்று எழுதி, உலகத்தை உண்டாக்க உட்கார்ந்தேன். முதல் வாரம் முழுக்க ராஜாக்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு வம்சாவளி. எந்த ராஜா எவனைக் கொன்றான், எவள் எவனைக் கட்டினாள், கடைசியில் தலைநகரத்தைக் கடல் பொங்கி வந்து விழுங்கியது, அங்கிருந்துதான் நம் கதை ஆரம்பம். எழுதி முடித்த பெருமையில் பஸ்ஸில் அவளிடம் லேசாக எடுத்துவிட்டேன். கதையைச் சொல்லவில்லை, ஆரம்பத்தை மட்டும். பெரிய அலை ஒன்று வருகிறது, நகரம் முழுக்க...

அவள் பேச்சு நின்றுபோயிற்று. ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுனாமி வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அவர்கள் குப்பத்தில் எத்தனை வீடு போயிற்று, அவள் தெருவில் யார் யார் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடமே அதை ஒரு ஜோரான ஆரம்பம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வேற எழுதேன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துப் புதுச்சத்திரம் நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகப் போட்டேன். அது இன்னொரு தப்பு, கீழே நின்ற பழ வண்டிக்காரர் திட்டினார். ஆனால் அந்தத் திட்டோடு என் மண்டையும் கொஞ்சம் தெளிந்தது. ராஜாவும் வேண்டாம், தலைநகரமும் வேண்டாம். நாங்கள் நாலு பேரும் பார்த்த இடமாக, 'அங்கே எப்படி இருக்கும்' என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாத இடமாக ஒன்று வேண்டும். அப்படி யோசித்தால் விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தப் பக்கத்துக்காரர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வேறு எங்கே கூட்டிப்போகிறோம்? பிச்சாவரம்தான். ஸ்கூல் டூர், காலேஜ் டூர், சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் அதே படகு, அதே சுரபுன்னைக் காடு.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய், ஒரு மணி நேரத்துக்குப் படகு எடுத்துக்கொண்டு, மடியில் நோட்டை விரித்து வைத்துப் படம் போட்டுக்கொண்டே போனேன். துடுப்புப் போட்டவர் என்னைச் சர்வே ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டார். ஏதாவது அளக்கிறீர்களா, காட்டை எடுக்கப்போகிறார்களா என்று பயத்தோடு கேட்டார். ஒரு ராஜ்ஜியம் கட்டுகிறேன் என்றேன். அவர் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து வரைந்தேன் பாருங்கள், நாற்பது தீவு. ஒரு தீவில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் தேன், ஒன்றில் விறகு. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. அதனால் எல்லோருக்கும் எல்லோரும் வேண்டும், எல்லோருக்கும் எல்லோர் மேலும் எரிச்சல். நடுவில் ஒரு பெரிய கால்வாய். மேற்கே இருக்கிற தலைத் தீவுக்காரர்கள் அதன் குறுக்கே, நடுத்தீவைத் தாண்டி, ஒரு மரக் கதவு போட்டு, வருகிற படகிலெல்லாம் பாதிச் சரக்கைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கிழக்கே கடைசித் தீவில் இருப்பவர்கள் பாவப்பட்டவர்கள், எல்லாவற்றுக்கும் மேற்கை அண்ணாந்து பார்த்தே வாழ்கிறவர்கள். இந்தச் சண்டைக்கு நான் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கம் பக்கம், கரும்பும் நெல்லும். அப்பா கடலூரில் மருந்துக்கடை வைத்து இருபது வருஷம் ஆனாலும், பெரியப்பா வந்துவிட்டால் பேச்சு வாய்க்கால் தண்ணீர் பற்றித்தான். தலைமடைக்காரன் மடையை அடைத்துவிட்டான், கடைமடைக்குச் சொட்டுக்கூட வரவில்லை, முறை எனக்கு, திறந்தது அவன். நான் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

அடுத்தது கதை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது. சத்திரத்தில் உட்காரவைத்து வேலை கொடுக்கிற கதையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆரம்பிக்கும்போதே இவர்கள் ஒரு வேலையின் நடுவில் இருக்கவேண்டும், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் விளக்காமலே தெரியவேண்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அத்தைதான் தெரியாமல் உதவினார். போனில் அம்மாவிடம் ஏதோ ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்: தாய்மாமன் சீர் வர நேரமாகி, மண்டபத்தில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற கதை. போனைப் பிடுங்கி அத்தைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. தாய்மாமன் சீர் வராமல் எந்தக் கல்யாணம் நடக்கும்?

ஆக, சீர்ப் படகு. நடுத்தீவிலிருந்து கடைசித் தீவுக்குப் போகிறது. பௌர்ணமிக்கு முந்தின நாள். மறுநாள் காலையில் முகூர்த்தம், வளர்பிறையில்தானே வைப்பார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் சீர் போய்ச் சேரவேண்டும். படகில் பித்தளை அண்டா, பட்டு, வெல்லம், நகைப் பெட்டி, பந்தல் வாசலில் கட்டத் தாரோடு இரண்டு ஜோடி வாழை மரம். அத்தை மகன்தான் தாய்மாமன், பட்டு வேட்டியோடு. பரங்கிப்பேட்டைக்காரி நகைப் பெட்டிக்குக் காவல். என் பஸ் தோழி படகை ஓட்டுகிறவள், கடைசித் தீவுக்காரி. வழியில் எட்டு ஆபத்து எழுதி வைத்தேன். வளைவில் வலை கட்டிக் காத்திருக்கும் கொள்ளைக்காரர்கள், கதவுக் காவல்காரர்கள், இன்னும் என்னென்னவோ. கால்வாயோடு போகப்போக ஒவ்வொன்றாக வரும்.

அந்த ஞாயிறு வந்தது. மாடியில் பாய் விரித்து, மூன்று பேரும் எதிரே உட்கார, நான் மாஸ்டர் இடத்தில் உட்கார்ந்தேன். அத்தை மகன் கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிற முகத்தோடு இருந்தான். வரைபடத்தை நடுவில் விரித்து ஆரம்பித்தேன். விடிந்துவிட்டது. கால்வாய் நிறையத் தண்ணீர். படகை அவிழ்த்தாயிற்று. தண்ணீர் கிழக்கே ஓடுகிறது, அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். சாயங்காலம்வரை இப்படியே போனால் கடைசித் தீவு. என்ன செய்கிறீர்கள்?

தாய்மாமன் மீசையை முறுக்கினான். நகைக் காவல்காரி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் தோழி வரைபடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. அவன் என்னைப் பார்த்து, லேசாக, ரொம்ப லேசாகச் சிரித்தான்.

"போவ முடியாது," என்றாள் அவள்.

யாருக்கும் புரியவில்லை. ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"பௌர்ணமிக்கு மொத நாளுன்ற. காலையில ரொம்பி நிக்கிற தண்ணி மத்தியானத்துக்குள்ள வத்திடும். நீ எங்க சாயங்காலம் வரைக்கும் போவ? லோடு படகு பாதியிலியே சேத்துல ஒக்காந்துக்கும். அப்புறம் தண்ணி திரும்ப ஏறும், அப்ப மேக்கால ஓடும். நம்பள வீட்டுக்கே தள்ளிட்டு வந்துடும்."

கடலிலிருந்து மூன்று மைலில் பிறந்து வளர்ந்த நான், உப்பங்கழிக்குப் போய், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வாய்க்காலை வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். தலையில் விட்டால் கடைசியில் போய் விழுகிற வாய்க்கால். பிச்சாவரத்தில் நான் எடுத்தது ஒரு மணி நேரப் படகு. அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு பக்கம்தான் போயிற்று. நானும் அதையே நம்பி எட்டு ஆபத்தையும் வரிசையாகக் கட்டி வைத்துவிட்டேன். படகு நகராவிட்டால் எட்டில் ஒன்றுகூட வராது.

அத்தை மகன் புத்தகத்தைத் தட்டினான். மாஸ்டர் சொல்வதுதான் ரூல், தண்ணீர் கிழக்கே போகிறது என்றால் கிழக்கேதான் போகும், இது கற்பனை உலகம் என்றான். அவன் எனக்கு உதவுவதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் ஆசை வந்தது. மூன்று வார உழைப்பு. ஆமாம், என் உலகத்தில் தண்ணீர் அப்படித்தான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். அவள் மட்டும் 'சரி, நீங்க சொல்ற மாதிரியே' என்பாள்.

"யோவ், நீ சும்மா இரு. அவ சொல்றதுதான் சரி. படகு தரை தட்டிடுச்சு. மத்தியான வெயிலு, சுத்திச் சேறு. என்னா பண்றீங்க?"

வரைபடத்தில் கிழக்கே போட்டிருந்த அம்புக்குறிகளை எல்லாம் பேனாவால் அடித்தேன். அவள் முட்டி போட்டு எழுந்து, படத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தன் தாய்மாமா வீடு கிள்ளைப் பக்கம், பிச்சாவரம் காட்டை ஒட்டி, லீவுக்கெல்லாம் அங்கேதான் என்று சொன்னாள். ஒரு வருஷமாகப் பக்கத்து சீட்டில் வருகிறவள், நான் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் நான் நடத்தவில்லை, அவள் நடத்தினாள். முதலில் எல்லோரையும் படகைவிட்டு இறக்கினாள். தாய்மாமன் பட்டு வேட்டி என்று முனகினான். வேட்டியை மடித்துக் கட்டு, இல்லையென்றால் அவிழ்த்துப் படகில் போடு என்றாள். பரங்கிப்பேட்டைக்காரி சிரித்துச் சிரித்துப் பெட்டியிலிருந்து விழுந்தாள். தாய்மாமன் சேற்றில் இறங்கப் பகடை உருட்டினான். இரண்டு விழுந்தது. முழங்கால்வரை புதைந்து நின்றான். படகை ஆழமான ஓடைவரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். அங்கே தண்ணீர் வற்றாது. எப்படித் தள்ளுவது? சுற்றிலும் காடுதானே, நாலு மரத்தை வெட்டி அடியில் உருட்டுக்கட்டை போடலாம் என்றான் அவன். நல்ல யோசனைதான். நானும் தலையாட்டப் போனேன்.

"மரத்துல கை வெக்காத," என்றாள். "எங்க மாமா ஊரு இன்னிக்கு இருக்குதுன்னா அந்தக் காட்டாலதான்."

அலை வந்த அன்று அந்தக் காடு எப்படித் தடுத்தது என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் உடனே சரி என்றான். குரலே மாறிப்போயிருந்தது.

அவள் படகில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக என்னைச் சொல்லச் சொன்னாள். அண்டா. பட்டு. வெல்லம். வாழை என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள். தாரை அறுத்துப் படகுக்குள் வைத்துக்கொள்ளலாம், தண்டை அடியில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சீர் வாழை ஆயிற்றே என்று தாய்மாமன் இழுத்தான். பந்தலில் கட்டத்தானே, கழுவிக் கட்டு, எவன் கேட்கப்போகிறான் என்றாள். அவன் பகடையை எடுத்து அவளிடம் நீட்டினான். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால்தானே உருட்ட வேண்டும்? வாழைத்தண்டின்மேல் படகு வழுக்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. படகு வழுக்கிற்று. நாலு பேரும், மாஸ்டரான நான் உட்பட, பாயில் உட்கார்ந்தபடியே தோளைக் கொடுத்துத் தள்ளினோம். கீழேயிருந்து அத்தை, மாடியில் என்ன இடிகிறது என்று குரல் கொடுத்தார்.

ஓடை வழியாகச் சுற்றிக் கதவுக்கு வந்தார்கள். நான் காவல்காரன் ஆனேன். பாதிச் சீரை இறக்கிவிட்டுப் போ, இது தலைத் தீவின் கதவு, கடைசித் தீவுக்காரனுக்கு இங்கே என்ன பேச்சு என்று அதட்டினேன். தாய்மாமன் கத்தியில் கை வைத்தான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். வரைபடத்தில் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்காட்டினாள்.

"யாருய்யா கடைசித் தீவு? காலையில தண்ணி ஒன் பக்கத்துலேர்ந்து வருது, நீ மொதல்ல இருக்க. அந்தா பாரு, ஏற ஆரம்பிச்சிடுச்சு. இப்ப எங்கேர்ந்து வருது? எங்க பக்கத்துலேர்ந்துதான? மீனும் அதோடதான வருது? நாங்க குறுக்கால வலையக் கட்டுனா ஒரு பொடி மீனு ஒனக்கு வராது. தெறக்கிறியா, கட்டட்டுமா?"

நாற்பது தீவு, தலை, கடை, நான் கட்டிய ராஜ்ஜியத்தின் ஆணிவேரையே அவள் நாலு வரியில் பிடுங்கிவிட்டாள். பாவப்பட்ட தீவு என்று நான் எழுதி வைத்தவர்கள் கையில் பாதி நாள் சாவி இருக்கிறது, அது எனக்கே தெரியவில்லை. காவல்காரனிடம் பதில் இல்லை. பதில் இருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேனா? "கதவைத் திறந்தாயிற்று," என்றேன்.

பரங்கிப்பேட்டைக்காரி மாஷா அல்லாஹ் என்று கத்தி, அவளைக் கட்டிக்கொண்டாள். அத்தை மகன் கத்தவில்லை. முன்னால் குனிந்து, ரொம்ப மரியாதையாக, இந்த வலையை நிஜமாகவே எப்படிக் கட்டுவார்கள் என்று அவளிடம் கேட்டான். அவள் பென்சிலை வாங்கி வரைந்து காட்டினாள். ஜெயித்துவிட்டேன். என் தப்பினால் ஜெயித்தேன். அதனால் என்ன, ஜெயித்தது ஜெயித்ததுதான்.

எதிர்த் தண்ணீரில் கோல் ஊன்றித் தள்ளியே சீர் போய்ச் சேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேளம் கேட்டது, சேறு அப்பிய தாய்மாமனைப் பார்த்துக் கல்யாணப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அதையெல்லாம் நான் வேகமாகச் சொல்லி முடித்தேன். பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்க அவன் பக்கம் திரும்பினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறோம் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த நோட்டக் குடு. கெழக்கால முச்சூடும் தப்புத் தப்பா போட்டு வெச்சிருக்க. நான் எடுத்தும் போயி சரியா போட்டு எடுத்தாரேன்."

கொடுத்தேன். மனசு ஒரு நொடி வலித்தது, பொய் சொல்லமாட்டேன். அவள் என் இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் தள்ளினாள். அடுத்த வாரத்திலிருந்து நீயும் ஆடணும், உன் ஆளை இப்போதே எழுது என்றாள். பெயர் என்ன, என்ன தொழில் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டாள். அதெல்லாம் அப்புறம், முதலில் அவளுக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா, அதை எழுது.

நான் உண்மையையே எழுதினேன். தெரியாது.

அவள் படித்துவிட்டு, "அப்ப படகுல நடுவுல ஒக்காரு," என்றாள்.